எங்கள் பிள்ளைகளின் தோளில் கிடக்கும் கொடி: வன்னி விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இயங்கும் விளையாட்டுக் கழகங்களின் தலைவர்மார், செயலாளர்மார், பயிற்றுநர்கள், வீரர்கள், கோட்டோரத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தும் ஆதரவாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். இன்னும் பலருடைய ஆட்டங்களுக்கு மத்தியஸ்தராக நின்றிருக்கிறேன். அந்த உரிமையோடு, ஒளிவுமறைவில்லாமல் சில விஷயங்களை எழுதுகிறேன்.

அண்மையில் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வெளிநாட்டுப் போட்டியொன்றில் பதக்கம் எடுத்தாள். பேரும் ஊரும் எழுதமாட்டேன். அவள் பட்டது போதும். பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, இலங்கைத் தேசியக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்ற படம் முகநூலில் வந்தது. வாழ்த்துகள் நிறைய. அவற்றுக்கு நடுவே, "இதைப் போர்த்திக்கொண்டு நிற்க வெட்கமாக இல்லையா?" என்று தமிழில் சிலர். "இப்போதாவது இந்த நாட்டுக்காரர் என்று ஒத்துக்கொள்ளுங்கள்" என்று சிங்களத்தில் வேறு சிலர். இரண்டு பக்கமும் இழுக்க, நடுவில் நின்றது பள்ளிக்கூடம் முடித்துக் கொஞ்ச நாளேயான ஒரு பிள்ளை. அடுத்த நாள் அந்தப் படத்தையே எடுத்துவிட்டாள். வெட்கமாக இல்லையா என்று கேட்டவர்களில் எங்கள் கழகங்களின் சீருடையோடு படம் போட்டிருந்தவர்களும் இருந்தார்கள். அதனால்தான் அமைச்சுக்கு எழுத நினைத்ததை நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

கொடி பற்றி முதலில் கதைத்துவிடுவோம். அதைக் கண்டதும் மனம் நெகிழ வேண்டும் என்று வன்னியில் யாரையும் கேட்க எனக்கு உரிமையில்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இன்னும் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எதிர்பார்த்திருக்கின்றன. அந்தக் கொடியைக் காவலரண்களின் மேலே பார்த்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. அந்த வலியை மறக்கச் சொல்லி ஒரு வரியும் இந்த மடலில் இருக்காது. ஆனால் அந்த வலிக்கான கணக்கை ஓட்டக்காரியிடமும் குத்துச்சண்டைக்காரியிடமும் கேட்பது சரியா என்பதுதான் என் கேள்வி.

ஒரு பிள்ளை ஆசியப் போட்டிக்கோ ஒலிம்பிக்குக்கோ போக எப்படிப் போகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், பிறகு அகில இலங்கை. இரவு பஸ்ஸில் ஏறி ஏ9 வீதி வழியே கொழும்புக்குப் போய், காலையில் முகம் கழுவிக்கொண்டு நேரே சுகததாச அரங்குக்கோ தியகமவுக்கோ போய் ஓடவேண்டும். கிரவல் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு வெறுங்காலோடு பழகியவள், செயற்கை ஓடுபாதையை அன்றைக்குத்தான் முதல்முதலாக மிதிப்பாள். அதிலும் வென்றால் தேசியச் சங்கம் பெயரைக் கேட்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு வைத்திருக்கும் விதிப்படி, நாட்டின் ஒலிம்பிக் குழு பெயர் கொடுத்தால்தான் ஒருவர் போகலாம். இங்கே வாழும் பிள்ளைக்கு வேறு கதவு இல்லை. அந்தக் கதவைத் தன் காலால் திறந்துகொண்டு போனவளிடம், ஏன் அந்தக் கதவால் போனாய் என்று கேட்கிறோம்.

இந்த இடத்தில் எதிர்வீரசிங்கம் ஐயாவை நினைக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாயப் பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக்கில் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. எடுத்தவர் ஒரு தமிழர் என்று மேடைகளில் சொல்லுவோம். எந்த நாட்களில் எடுத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தப் போட்டிகள் மே 24 தொடங்கி ஜூன் 1 வரை நடந்தன. அதே மே மாதத்தின் கடைசி வாரத்தில்தான் இங்கே தமிழர்கள் தெருவில் அடிக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். மே 27 அன்று அவசரகாலச் சட்டம் வந்தது. கொழும்பிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கப்பலில் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அந்த வாரத்தில்தான் அவர் டோக்கியோவில் இலங்கையின் சீருடையோடு நின்றார்.

அவர் அப்போது பாயாமல் விட்டிருக்க வேண்டுமா? பாய்ந்தது துரோகமா? 2024இல் அவர் காலமானபோது எங்கள் ஊர்களில் எத்தனை பேர் பெருமையோடு அவர் படத்தைப் போட்டோம்! அறுபத்தாறு வருடம் கழித்து அவருக்குக் கொடுக்கும் மரியாதையை, இன்றைக்கு அதே கொடியின் கீழ் நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்க மறுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இன்னொரு டோக்கியோவையும் சொல்லவேண்டும். அது 1964 ஒலிம்பிக், 10,000 மீற்றர் ஓட்டம். இந்த ஒரே ஒரு ஓட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு தவணை முழுவதும் பாடம் நடத்தலாம் என்று நான் நம்புகிறேன்.

அந்த ஓட்டத்தில் வென்றவர் அமெரிக்காவின் பில்லி மில்ஸ். அவர் வெல்லுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசி நூறு மீற்றருக்குள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர் இரண்டு பேரையும் தாண்டிப் போனார். அவர் யார்? அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான லகோட்டா இனத்தவர். பைன் ரிட்ஜ் என்ற ஒதுக்கிடத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதுக்குள் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். அவருடைய மக்களின் நிலத்தைப் பிடுங்கிய நாட்டின் சீருடைதான் அவர் உடம்பில் இருந்தது. அந்த இனத்தார் அவரைக் கைவிட்டார்களா? இல்லை. இன்றுவரை அவர்கள் தங்கள் வீரன் என்றே கொண்டாடுகிறார்கள். அவரும் அவர்களை விட்டுப் போகவில்லை. பழங்குடி இளைஞர்களுக்கென்று ஒரு அமைப்பையே உருவாக்கி, வாழ்நாளெல்லாம் அவர்களுக்காக ஓடித்திரிந்தார். ஒரு ஆள் தன் சனத்தையும் தான் போட்டிருக்கும் சீருடையையும் ஒன்றாகவே சுமக்கலாம். அவர் சுமந்து காட்டினார்.

அதே ஓட்டத்தில் கடைசியாக வந்தவர் இலங்கையர். ரணதுங்க கருணானந்த. மற்ற எல்லாரும் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது 67ஆம் இலக்கச் சட்டையோடு அவர் தனியே ஓடிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் முதலில் சிரித்தார்கள். இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவர் விடாமல் வர, சிரிப்பு நின்றது. கடைசிச் சுற்றில் அரங்கமே எழும்பிக் கைதட்டியது. ஜப்பான்காரர் அந்த மனிதரின் கதையைத் தங்கள் பாடப்புத்தகத்தில் போட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். வென்றவரைவிடத் தோற்றவர் ஒருவர் தன் நாட்டின் பெயரை அந்நிய நாட்டு வகுப்பறைவரை கொண்டுபோனார். தேசப் பெருமை என்று ஒன்று இருந்தால் அதில் அந்தக் கடைசிச் சுற்றுகளுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

மூன்றாவதாக வந்த அவுஸ்திரேலியர் ரொன் கிளார்க்கையும் விட்டுவிடக் கூடாது. உலக சாதனைகள் வைத்திருந்தவர். ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவருக்கு வாய்க்கவேயில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர் பிராக் நகருக்குப் போனபோது, செக் நாட்டு ஓட்ட வீரர் எமில் சாட்டோபெக் தான் ஹெல்சிங்கியில் வென்ற ஒரு தங்கப் பதக்கத்தை அவர் கையில் பொதியாகக் கொடுத்து அனுப்பினார். பனிப்போர் காலம் அது. இரண்டு பேரும் எதிரெதிர் முகாம்களின் நாட்டுக்காரர்.

ஒரு ஓட்டம், மூன்று மனிதர்கள். எங்கள் கழகக் கட்டடங்களில் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் ஒரு படம் மாட்டுவதென்றால் இந்த ஓட்டத்தின் படத்தை மாட்டுங்கள் என்பேன்.

இப்போது எங்கள் மைதானங்களுக்கு வருவோம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மீள்குடியேறிய காலத்தில் கண்ணிவெடி அகற்றிய அடையாளக் கம்புகள் பிடுங்கி முடிந்தும் முடியாததுமாக, பற்றை வெட்டி, பனங்குற்றியில் கோல் கம்பம் நட்டு விளையாடத் தொடங்கிய கழகங்கள் எங்களுடையவை. முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் மறுபடியும் சிரித்தது அந்த மைதானங்களில்தான். அதற்காக உங்களுக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவன். அந்தக் கழகங்கள் நடத்தும் மின்னொளிச் சுற்றுப்போட்டிகளில் இன்று என்ன நடக்கிறது? ஒரு தண்ட உதைக்காக மத்தியஸ்தரைத் துரத்துகிறோம். இறுதியாட்டம் இடையில் நிற்கிறது. அடுத்த கிராமத்துப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பப் பயந்து பொலிஸ் வரும்வரை மைதானத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவர் எங்கள் அணி கோல் போட்டால் கூவுகிறார், எதிரணி போட்டால் மௌனமாகிறார். சில வேளை கிண்டலும் செய்கிறார். கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பெடியனுக்கு அதுதான் விளையாட்டு என்று பதிகிறது.

பரிசுப் பணம் கூடக்கூட இது மோசமாகிறது என்பது என் கணிப்பு. கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் உறவுகள் தகப்பனின் நினைவாக, தாயின் நினைவாக, நல்ல மனதோடுதான் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தை எப்படியும் எடுக்கவேண்டும் என்று கழகங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கூலிக்குக் கூட்டிவருகின்றன. வருடம் முழுக்கப் பயிற்சிக்கு வந்த ஊர்ப் பிள்ளை மேலதிக வீரனாக வாங்கிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வருடத்தில் அவன் பயிற்சிக்கு வருவதை விட்டுவிடுகிறான். பிறகு அவன் எங்கே போகிறான், எதற்குப் பழகுகிறான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வன்னிக்குள் இன்று ஓடித்திரியும் போதைப்பொருளைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

விளையாட்டைச் சண்டையாக நினைக்கும் பழக்கம் எங்களிடம் மட்டும் இருப்பதல்ல. 2023 நவம்பர் 6ஆம் திகதி டெல்லியில் உலகக் கிண்ண ஆட்டத்தில் அஞ்சலோ மத்தியூஸ் தலைக்கவசத்தின் பட்டி அறுந்து வேறொன்று கேட்டு நிற்க, நேரம் கடந்துவிட்டது என்று பங்களாதேஷ் அணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டு ஆட்டமிழக்கச் செய்தார். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஒருவர் ஆட்டமிழந்தது அதுதான் முதல் தடவை. விதியில் இடமிருந்தது, சரி. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கைகொடுக்கவில்லை. தான் ஒரு போரில் இருப்பதுபோல் உணர்ந்ததாக ஷகிப் பிறகு சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட கோபம் மத்தியூஸுக்காக மட்டும் வந்ததல்ல. போர் எப்படி இருக்கும் என்று வன்னியில் இருக்கும் எந்தச் சின்னப் பிள்ளையின் தாயைக் கேட்டாலும் சொல்லுவாள். ஒரு விக்கெட்டுக்கு அந்தச் சொல்லைப் பாவிக்க எங்களால் முடியாது, முடியவும் கூடாது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீற்றர் எறிந்து தங்கம் எடுத்தார். இந்தியாவின் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. நீரஜின் தாய், தங்கம் எடுத்தவனும் எங்கள் பிள்ளைதான் என்று சொன்னார். அர்ஷத்தின் தாயும் நீரஜைத் தன் மகன்போல என்றார். ஒரு வருடம்தான் போனது. 2025 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தில் அதே இரண்டு நாட்டுக் கிரிக்கெட் அணிகள் டுபாயில் மூன்று தடவை மோதின, ஒருதடவையும் கைகொடுக்கவில்லை. இடையில் காஷ்மீரில் சுற்றுலாப் பயணிகளைக் கொன்ற தாக்குதலும், அதைத் தொடர்ந்த மே மாத மோதலும் நடந்தன என்பதை நான் மறக்கவில்லை. செத்தவர்களின் குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு தாய்மாரில் ஒருவர் வந்து நடத்தியிருந்தால் அந்த ஆட்டங்கள் வேறு விதமாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தேநீர்க் கடைகளில் பாதிப் பேர் இந்தியாவுக்கும் பாதிப் பேர் இலங்கைக்கும் கத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாருக்கு ஆதரவு என்பது அவரவர் விருப்பம். அதே ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவும் இலங்கையும் 202 ஓட்டங்களில் சமநிலையில் முடித்த இரவு, பத்தும் நிஸ்ஸங்க 107 அடித்தபோது இந்தியாவுக்குக் கத்திக்கொண்டிருந்த பெடியன்களும் எழும்பிக் கைதட்டினார்கள். நான் கேட்பது அதைத்தான். நல்ல ஆட்டத்தைக் கண்டால் கை தானாகத் தட்டவேண்டும்.

தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துப் பிள்ளை. உயரத்துக்காகப் பள்ளிக்கூட வயதில் கேலி கேட்டவர் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் இருந்த இலங்கை வலைப்பந்து அணி 2009இலும் 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் இலங்கை பதினைந்தாவது இடத்துக்குத்தான் வந்தது. ஆனால் அதிக கோல் போட்டவர் அவர். அந்த ஒவ்வொரு கோலுக்கும் பந்து எங்கிருந்து வந்தது? சிங்களப் பிள்ளைகளின் கையிலிருந்து. அவர்கள் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார்கள், இவர் பிடித்துப் போட்டார். மொழி தெரியாமல் அணிக்குள் போன ஒரு பிள்ளையும் அவளை நம்பிப் பந்து போட்ட பிள்ளைகளும் செய்துகாட்டியதை அரசியல்வாதிகள் இத்தனை வருடத்தில் செய்யவில்லை.

அதற்காக அந்த அணியைக் காட்டி, "பாருங்கள், இங்கே பிரச்சினையே இல்லை" என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஏற்கமாட்டேன். இதைக் கொழும்பில் இருப்பவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருமையைச் சுற்றுநிருபம் அனுப்பி வரவழைக்க முடியாது. 2016இல் சுதந்திர தின விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினீர்கள். 2020இல் அதை நிறுத்தினீர்கள். சர்வதேசப் பதக்க மேடையில் பெரும்பாலும் இசை மட்டும்தான் ஒலிக்கிறது. அங்கே நிற்கும் பிள்ளை அதை எந்த மொழியில் மனதுக்குள் பாடினாலும் யாரும் கேட்பதில்லை. அந்தச் சுதந்திரம் அவளுக்கு ஊரிலும் இருக்கட்டும். நிர்வாகத் தலையீட்டால் 2023 ஜனவரியில் பீஃபா எங்கள் உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடைசெய்தது. அதே வருடம் நவம்பரில் ஐசிசி இலங்கைக் கிரிக்கெட் சபையைத் தடைசெய்தது. 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டிக்குப் போன அணியிலிருந்து பத்துப் பேரளவில் திரும்பி வரவில்லை. அந்தப் பொருளாதார நிலையில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கிளிநொச்சியில் கட்டத் தொடங்கிய பெரிய மைதானம் எத்தனை வருடம் இழுபட்டது என்பது ஏ9 வழியே போய்வரும் எல்லாருக்கும் தெரியும். இவற்றைச் சரிசெய்துவிட்டு எங்கள் பிள்ளைகளிடம் நாட்டுப்பற்று பற்றிக் கேளுங்கள்.

மறுபடி உங்களிடம் வருகிறேன்.

தினேஷ் பிரியந்த ஹேரத் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 ஓகஸ்ட் 30ஆம் திகதி, டோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தவர். இலங்கையின் முதல் பராலிம்பிக் தங்கம். அவர் ராணுவச் சிப்பாய். எங்களையும் தின்ற அதே போரில் கையில் காயப்பட்டவர். அன்றைக்கு இந்தச் செய்தியை என்னோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழும்பிப் போய்விட்டார். அவர் மகன் அந்தப் போரோடு இல்லாமல் போனவன். போனது எனக்கு விளங்கியது. நான் இருந்து முழுவதும் கேட்டேன். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உடம்பைத்தான் தின்கிறது. கை காயப்பட்ட பிறகும் அந்த மனிதர் ஈட்டியைத் தூக்கினார் என்பதில் எனக்குப் பாடம் இருந்தது.

அவருக்குப் பின்னால் ராணுவம் என்ற பெரிய நிறுவனம் நின்றது. பயிற்சி, சாப்பாடு, வைத்தியம், சம்பளம் எல்லாம் இருந்தன. இலங்கையின் பராலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோர் அங்கிருந்தே வருகிறார்கள். அதே போரில் கையும் காலும் போன எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் விசுவமடுவிலும் தருமபுரத்திலும் புதுக்குடியிருப்பிலும் முழங்காவிலிலும் இருக்கிறார்கள்! அவர்களுக்குப் பின்னால் நிற்கப்போவது யார்? உங்கள் கழகங்கள் நிற்கலாம். எறிதல் பயிற்சிக்கு ஒரு குண்டும் ஒரு தட்டும் ஒரு ஈட்டியும் வாங்குவதற்கு ஒரு சுற்றுப்போட்டியின் மின்னொளிச் செலவே போதும். எந்தக் குறைபாட்டுக்கு எந்தப் பிரிவு, எப்படிப் பதிவது என்பதைப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்கலாம். தெரியாவிட்டால் அவர் மேலே கேட்டுச் சொல்லட்டும். மைதானத்துக்குச் சக்கர நாற்காலி வரும்படி வாசலில் இருக்கும் அந்தப் பள்ளத்தை ஒரு சிரமதானத்தில் நிரப்பலாம்.

வரவேற்புகளைப் பற்றியும் எழுதவேண்டும். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் எடுத்து வந்தபோது உலகத்தில் தமிழர் இருக்கும் இடமெல்லாம் அவர் படம் போனது. அதற்கு முந்திய வருடம் கரிப்பட்டமுறிப்பு இந்துகாதேவி பாகிஸ்தானில் குத்துச்சண்டையில் தங்கம் எடுத்தபோதும் அப்படித்தான். மாலை, பாண்ட் வாத்தியம், திறந்த வாகனம், மேடை, எல்லாக் கட்சிக்காரரும். நல்லது, நடக்கட்டும். ஆனால் ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து இல்லாத நாளில், கடவுச்சீட்டுக்குக் காசில்லாத நாளில், கொழும்புக்குத் துணைக்குப் போக ஆளில்லாத நாளில் அந்த மேடையில் ஏறியவர்களில் எத்தனை பேர் அவள் வீட்டுப் பக்கம் போனார்கள் என்று யோசிக்கிறேன். தாய் தனியே வளர்க்கும் குடும்பங்கள் எங்களிடம் எத்தனை! அங்கே ஒரு பெண்பிள்ளை விளையாடப் போவதென்றால் அயலவரின் வாய்க்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும். நிலத்தின் ஈரம் தெரிந்து தண்ணி கட்டுகிற சனம் நாங்கள். அறுவடைக்கு மட்டும் வயலுக்குப் போவதில்லையே.

தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கும் ஒரு வரவேற்பு இருக்கட்டும். அவளுக்கு மேளம் வேண்டாம். கழகத்தில் நாலு பேர் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு, எப்படி ஓடினாய், எந்த இடத்தில் விட்டாய் என்று கேட்டால் போதும். அடுத்த வருடம் அவள் மறுபடியும் ஓடுவாள்.

இனி, நான் கேட்பவற்றைத் திறந்தே சொல்கிறேன். கழக உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டில் போட்டியிட்ட எங்கள் பிள்ளையைக் கொடிக்காகவோ மதத்துக்காகவோ ஊருக்காகவோ சாதிக்காகவோ இழித்து எழுதினால், கழகம் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். அதை அழிக்கச் சொல்லவேண்டும். மறுத்தால் அந்தப் பருவத்தில் கழகச் சட்டை அவருக்கு இல்லை. மத்தியஸ்தர்மீது கை வைத்தவருக்கும் அதேதான், அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும். ஒலிபெருக்கியில் இரண்டு அணி வீரர்களின் பெயரும் ஒரே குரலில் வரவேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதலிடத்துக்கு அனுப்பும் தொகையில் பாதியைப் பிரித்து, ஊர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்து விளையாடும் அணிக்கும், பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களின் பயிற்சிக்கும் கொடுங்கள் என்று நீங்களே நிபந்தனை போடுங்கள். கழகங்கள் முணுமுணுக்கும். ஒரு வருடம் பொறுங்கள். உங்கள் தகப்பனின் பெயரில் நடக்கும் போட்டி அடிதடியில் முடியாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிய வரும் சுற்றுப்போட்டிகளுக்கு முன்பு உங்கள் செயற்குழுக்கள் கூடும். இந்த மடலை அங்கே ஒருவர் எழும்பி வாசிக்கட்டும். ஒத்துக்கொள்ள முடியாத இடங்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அல்லது கூப்பிடுங்கள். எந்த மைதானம் என்றாலும் வந்து கதைக்கிறேன். நான் மேலே சொன்ன அந்தப் பிள்ளைக்கு ஐப்பசியில் இன்னொரு போட்டி இருக்கிறது. பயிற்சிக்குக் கூட ஓட ஒரு ஆள் தேவை என்கிறாள். அந்தப் பக்கத்துக் கழகத்தில் காலை ஐந்தரைக்கு எழும்பக்கூடிய யாராவது இருந்தால், அவள் பயிற்றுநரிடம் பெயரைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைதானங்களில் விசில் ஊதிய
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கிளிநொச்சி